போலந்து வீட்டுச் சுவருக்கு மன்னர்கள், புனிதர்கள், மாத்தேய்கோ: எந்தப் படங்களை வாங்கலாம்?

வெண்பனி_மதுரை:

வணக்கம் மக்களே. வ்ரோத்ஸ்வாஃபில் ஒரு ஃபிளாட் வாங்கிக் குடிவந்திருக்கோம். ஹாலில் சோபாவுக்கு மேல நீளமா ஒரு வெள்ளைச் சுவர் சும்மா கிடக்கு. பிள்ளைங்க இங்கேயே படிக்கிறாங்க, நாங்களும் இங்கேயே இருக்கப்போறோம். அதனால இந்த நாட்டோட வரலாறு சொல்ற படங்களா மாட்டணும்னு ஆசை.

இணையத்துல தேடினா எல்லாக் கடையிலயும் ஒரே மாதிரி "மூணு படம் ஒரு செட்" வருது. சிறகு வச்ச குதிரை வீரன் ஒண்ணு, கறுப்பு மாதா ஒண்ணு, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒண்ணு. பின்னால சிவப்பு-வெள்ளைக் கொடி. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு, என்ன கதைன்னு தெரியாம வெறும் அழகுக்கு மாட்ட மனசு வரல. இங்க ராஜாக்களையும் சாமி படங்களையும் ஏன் ஒரே வரிசையில மாட்டுறாங்க? எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்? நாங்க கிறிஸ்தவங்க இல்ல, அதையும் மனசுல வச்சுச் சொல்லுங்க.

வாவெல்வாசி:

நல்ல கேள்வி கேட்டீங்க. கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ராஜாவும் புனிதரும் ஏன் ஒரே சுவரில் இருக்காங்கன்னா, அதுக்குக் காரணம் 1795. அந்த வருஷத்தோட ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணும் சேர்ந்து போலந்தைப் பங்குபோட்டு முடிச்சுட்டாங்க. 1918 வரைக்கும், 123 வருஷம், வரைபடத்தில் போலந்துன்னு ஒரு நாடே கிடையாது. அரசாங்கம் இல்ல, படை இல்ல, பிரஷ்ய, ரஷ்யப் பகுதிப் பள்ளிக்கூடங்களில் போலிஷ் மொழியையே ஒடுக்கினாங்க. மிஞ்சினது கோயிலும் வீடும்தான். அதனால நாட்டைப் பத்திப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் வீட்டுச் சுவருக்கு வந்தது. மாதா படத்துக்குப் பக்கத்தில் மன்னர் சோபியெஸ்கி, அவருக்குப் பக்கத்தில் 1794 எழுச்சியின் தலைவர் கொஷ்சியூஷ்கோ. இன்னைக்கு நீங்க கடையில் பார்க்கிற செட்டோட வேர் அங்கேதான் இருக்கு.

இந்த வேலையை யாரையும்விட அதிகமாச் செஞ்சவர் யான் மாத்தேய்கோ (1838–1893). கிராக்கூவ் நகரத்து ஓவியர். ஜெர்மானிய மாவீரர் சபையை 1410-ல் ஜெயிச்ச க்ரூன்வால்ட் போர், போலந்தும் லித்துவேனியாவும் ஒண்ணான லூப்லின் ஒன்றியம், 1791 மே 3 அரசியல் சாசனம்னு அவர் வரைஞ்சதெல்லாம் இல்லாத ஒரு நாட்டின் பாடப்புத்தகம். கடைசிக் காலத்தில், 1890 முதல் 1892 வரை, போலந்து மன்னர்கள், இளவரசர்கள்னு 44 உருவப்படங்கள் வரைஞ்சார். அதில் பாதிப் பேருக்கு அவங்க காலத்துப் படம்னு எதுவும் கிடையாது. 966-ல் ஞானஸ்நானம் வாங்கின முதலாம் மியெஷ்கோ எப்படி இருந்தார்னு யாருக்கும் தெரியாது. ஆனா மாத்தேய்கோ கொடுத்த முகம்தான் இன்னைக்கு எல்லார் மனசிலும் மியெஷ்கோவின் முகம். உங்க பர்ஸில் இருக்கிற 10 ஸ்வோத்தி நோட்டை எடுத்துப் பாருங்க, மியெஷ்கோ இருப்பார். 20-ல் போலெஸ்வாவ், 50-ல் மூன்றாம் காஷிமிர், 100-ல் யாகெய்வோ, 200-ல் முதலாம் சிகிஸ்மண்ட், 500-ல் சோபியெஸ்கி. அந்த 44 படங்களின் செல்வாக்கு நோட்டு வரைக்கும் வந்திருக்கு.

என் கருத்தைக் கேட்டா, கொடி ஒட்டின அந்த மூணு பட செட் வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒட்டுப்போட்டுச் செஞ்ச படம், எந்த ஓவியர் கையும் அதில் இல்ல. இவ்வளவு பெரிய ஓவிய மரபு இருக்கிற நாட்டில் அதை வாங்கிச் சுவரை நிரப்புறது எனக்கு வருத்தமா இருக்கு.

ஃப்ரேம்கடை_திருச்சி:

மாத்தேய்கோ வாங்கப்போறீங்கன்னா ஒரே ஒரு விஷயம் தம்பி. அளவைப் பாத்துட்டு ஆர்டர் போடுங்க. க்ரூன்வால்ட் மூல ஓவியம் 426-க்கு 987 சென்டிமீட்டர். அதாவது அகலம் உயரத்தைவிட ரெண்டேகால் மடங்குக்கும் மேல. கடைக்காரன் ஸ்டாக்கில் வச்சிருக்கிறது 90-க்கு 60. அந்தச் சட்டத்துல க்ரூன்வால்டை அடைச்சா மூணுல ஒரு பங்குக்கு மேல ரெண்டு பக்கமும் வெட்டுப்படும். நடுவுல சிவப்பு உடுப்புல கத்தி தூக்கி நிக்கிற லித்துவேனியத் தலைவர் வித்தோல்த் மட்டும் மிஞ்சுவார். நீங்க 120 அகலம் போட்டா உயரம் 52 வரணும். அப்படிக் கேட்டு வாங்குங்க.

கேன்வாஸா இருந்தா இன்னொண்ணு. கட்டையில் மடிச்சு ஆணி அடிக்கிற ஓரத்துக்குத் தனியா இடம் விட்டு பிரிண்ட் போடச் சொல்லணும். இல்லேன்னா படத்தோட ஓரமே மடிப்புக்குள்ள போயிடும். போர்க்களப் படத்துல ஓரத்துல கூட ஆள் இருப்பாங்க, பாதி முகம் சட்டத்துக்குப் பின்னாடி போனா பார்க்கச் சகிக்காது.

வெண்பனி_மதுரை:

அண்ணே, இது யாரும் சொல்லாத விஷயம். நன்றி. 70×50-க்கு வெட்டாம வர்ற மாத்தேய்கோ ஏதாவது இருக்கா?

ஃப்ரேம்கடை_திருச்சி:

கோப்பர்னிகஸ். 1873-ல் வரைஞ்சது, 221-க்கு 315. கிட்டத்தட்ட அப்படியே உட்காரும். மேட் பேப்பர்ல போட்டு, நாலு பக்கமும் வெள்ளை மவுண்ட் விட்டு, மெல்லிசான கறுப்பு பீடிங். பளபளப்பு பேப்பர் வேண்டாம், ராத்திரிக் காட்சி, எதிர்ல ஜன்னல் இருந்தா உங்க முகம்தான் தெரியும்.

வாவெல்வாசி:

அண்ணன் சொன்னது அருமையான தேர்வு. அந்தப் படத்தின் தலைப்பே "வானியலாளர் கோப்பர்னிகஸ், அல்லது கடவுளுடன் உரையாடல்". ஃப்ரோம்போர்க் பேராலயக் கோபுரங்கள் பின்னால் தெரிய, இரவில் மாடியில் கருவிகளோடு உட்கார்ந்து, ஒரு கையைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறார். அவர் அந்தப் பேராலயத்தில் கனோன் (பேராலய நிர்வாகக் குழு உறுப்பினர்) பதவியில் இருந்தவர். வரலாற்று ஆளுமையும் கிறிஸ்தவ மரபும் ஒண்ணா இருக்கணும், போரும் ரத்தமும் வேண்டாம்னா இதைவிடப் பொருத்தமா எனக்கு எதுவும் தோணல. மூலம் கிராக்கூவ் யாகெலோனியப் பல்கலைக்கழகத்தின் கொல்லேகியும் நோவும் மண்டபத்தில் இருக்கு.

மறைக்கல்வி_டீச்சர்:

கறுப்பு மாதாவைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

செஸ்டொகோவா நகரின் யாஸ்னா கூரா மடம் 1382-ல் தொடங்கியது. அங்கே இருக்கும் மாதா படம் ஏறத்தாழ 122-க்கு 82 சென்டிமீட்டர், மரப்பலகையில் வரைந்தது. மாதாவின் வலக் கன்னத்தில் கீறல்களைப் பார்த்திருப்பீர்கள். 1430-ல் மடத்தைக் கொள்ளையடித்தவர்கள் வெட்டிய தழும்பு அது. கிராக்கூவில் படத்தைச் செப்பனிட்டார்கள், தழும்பு மட்டும் இன்றுவரை இருக்கிறது. நகலெடுக்கும் எந்த ஓவியரும் அதை விடுவதில்லை. தழும்பில்லாமல் முகத்தை மெருகேற்றிய அச்சுகளும் விற்பனைக்கு வருகின்றன, வாங்காதீர்கள். அது செஸ்டொகோவா மாதாவே இல்லை.

கடையில் இரண்டு வகை இருக்கும். கற்கள் பதித்த கவசமும் கிரீடமும் சாத்திய படம் ஒன்று. கவசம் இல்லாத மூலப்படம் இன்னொன்று, அதில் நீல மேலாடையில் லில்லிப் பூக்கள் தெரியும். வீட்டுச் சுவருக்கு இரண்டாவதையே சொல்வேன். முகத்தின் ஓவிய அழகு அதில்தான் முழுதாகத் தெரியும்.

இந்த மாதா வெறும் பக்திப் படமாக இருந்ததே இல்லை. 1655-ல் ஸ்வீடன் படை நாட்டையே பிடித்துக்கொண்டிருந்தபோது யாஸ்னா கூரா முற்றுகையைத் தாங்கி நின்றது. அடுத்த வருடம் ஏப்ரல் 1 அன்று அரசர் யான் காஷிமிர் ல்வூவ் (இன்றைய உக்ரைனின் லிவிவ்) பேராலயத்தில் மரியாவைப் போலந்தின் அரசி என்று அறிக்கையிட்டார். அரசர்கள் வரிசையில் மாதா இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு நிகழ்ச்சியை நான் என் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன். 1957 முதல் இந்தப் படத்தின் நகல் ஒன்று ஒவ்வொரு ஊர்க் கோயிலாகப் போலந்து முழுவதும் பவனி சென்றது. போலந்துத் திருச்சபைத் தலைவர் கர்தினால் விஷின்ஸ்கியின் ஏற்பாடு. 1966-ல் கம்யூனிச அரசு அந்த நகலைப் பறித்து மடத்துக்குள் முடக்கிவிட்டது. பவனி நிற்கவில்லை. வெறும் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1972 வரை, படமே இல்லாத சட்டத்தின் முன்னால் மக்கள் மண்டியிட்டார்கள்.

பொருநை:

எல்லாரும் ஒரே திசையில் போறதால ஒரு மாற்றுக் கருத்து.

போலந்து = கத்தோலிக்கம்னு சொல்ற சுவர் முழு உண்மையைச் சொல்லாது. 1573-லேயே வார்சா கூட்டமைப்புச் சட்டம் மூலமா மதச் சமாதானத்தை எழுதி வச்ச நாடு இது. லூத்தரன், கால்வினிஸ்ட், ஆர்த்தடாக்ஸ், முஸ்லிம் தாத்தார்கள் எல்லாரும் வாழ்ந்தாங்க. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால மக்கள் தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒருத்தர் யூதர், 33 லட்சம் பேர். அவங்களுக்கும் சுவரோவிய மரபு இருந்தது. மரத்தால் கட்டின ஜெபக்கூடங்களில் சுவர் முதல் கூரை வரைக்கும் சிங்கம், மான், ராசிச் சக்கரம், கொடி, பூன்னு வரைஞ்சு நிரப்பியிருப்பாங்க. க்வோஷ்ஜியெட்ஸ் ஜெபக்கூடத்தின் கூரையை வார்சாவில் இருக்கிற போலின்ங்கிற போலந்து யூதர் வரலாற்று அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டி வச்சிருக்காங்க. மூலங்களெல்லாம் சாம்பல்.

சிறகு வச்ச குதிரை வீரனையும் சிலுவையையும் கொடியையும் ஒரே சட்டத்தில் போட்டு விக்கிறவங்க பலபேர் இந்த வரலாற்றைச் சுவரிலிருந்து அழிக்க நினைக்கிறவங்க. இங்க குடியேறின நம்மளை மாதிரி ஆளுங்க அதை யோசிக்காம மாட்டக்கூடாது.

மறைக்கல்வி_டீச்சர்:

தம்பி பொருநை, நீங்கள் சொன்ன வரலாறு சரி. ஆனால் ஒரு பாட்டி மாதா படமும் திருத்தந்தை படமும் மாட்டினால் அதில் யாரையும் அழிக்கும் எண்ணம் இல்லை. அவர்கள் வாழ்க்கையே அந்தப் படங்களோடு போயிருக்கிறது. கடைக்காரரின் நோக்கத்தை அந்த வீடுகள் மேல் ஏற்ற வேண்டாம்.

பொருநை:

பாட்டிகளைச் சொல்லல டீச்சர். அவங்க சுவர் அவங்க வாழ்க்கை, ஒத்துக்கிறேன். புதுசா வாங்குறவங்களுக்குத்தான் சொன்னேன்.

வாவெல்வாசி:

பொருநை சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடுதான். அந்தச் சிறகு வச்ச குதிரை வீரனை (ஹுசார்ங்கிற பழைய போலந்துக் குதிரைப்படைக்காரன்) வாங்கியே ஆகணும்னு இருந்தா, தனியா வெட்டின வீரனை வாங்காதீங்க, மாத்தேய்கோவின் "வியன்னாவில் சோபியெஸ்கி" முழுப்படத்தைப் பாருங்க. வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியரை சோபியெஸ்கி தோற்கடிச்ச 1683 செப்டம்பர் 12 போருக்கு 200 வருஷம் ஆனபோது, 1883-ல் வரைஞ்சார். குதிரை மேல் உட்கார்ந்து சோபியெஸ்கி திருத்தந்தைக்குக் கடிதம் கொடுத்தனுப்புற காட்சி. அப்பவும் போலந்து இல்ல. படத்தைப் பதின்மூன்றாம் லியோ திருத்தந்தைக்குப் போலந்து மக்களின் அன்பளிப்பாக் கொடுத்தாங்க. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் அதுக்குன்னே சோபியெஸ்கி அறை இருக்கு. நாடில்லாத ஒரு மக்கள் கூட்டம் "நாங்க இருக்கோம்"னு ரோமின் சுவரில் 9 மீட்டர் அகலத்தில் எழுதின மாதிரி.

ஆனா வீரம் மட்டும்தான் போலந்து ஓவியம்னு யாரும் நினைச்சுடக் கூடாதுன்னு எனக்கு ஒரு தவிப்பு உண்டு. அதனால ஸ்தானிஸ்வாவ் விஸ்பியான்ஸ்கியைச் சொல்லியே ஆகணும். 1869-ல் பிறந்தவர், 38 வயசில் போயிட்டார். கிராக்கூவ் பிரான்சிஸ்கன் கோயிலுக்குள் போனா சுவரெல்லாம் அவர் வரைஞ்ச பூக்கள். லில்லி, ரோஜா, பான்சி, நம்ம வயல்வரப்பில் பூக்கிற மாதிரி அள்ளித் தெளிச்சிருப்பார். மாதாவுக்குக் கிராக்கூவ் கிராமத்துப் பெண்ணின் உடுப்பு. திரும்பிப் பார்த்தா வாசலுக்கு மேல மேற்குச் சன்னலில் பிதாவாகிய கடவுள், நீலமும் பச்சையும் நெருப்புமாக் கையை உயர்த்தி உலகைப் படைக்கிறார். சாயங்கால வெயிலில் நின்னு பார்க்கணும்.

அவரே, மன்னர்களை அடக்கம் பண்ணின கிராக்கூவ் வாவெல் பேராலயத்துக்குன்னு மன்னர் மூன்றாம் காஷிமிரைக் கண்ணாடிச் சன்னலா வரைஞ்சார். 1869-ல் பழுதுபார்க்கும்போது காஷிமிரின் கல்லறை தற்செயலாத் திறந்துபோச்சு, எலும்புகளை மறுபடி அரச மரியாதையோட அடக்கம் பண்ணினாங்க. அந்த நினைவில் விஸ்பியான்ஸ்கி வரைஞ்ச மன்னர், கிரீடம் வச்ச ஒரு எலும்புக்கூடு. பேராலயம் அதை ஏற்கல. 2007-ல்தான் அது கண்ணாடியா உருவாச்சு, பிரான்சிஸ்கன் கோயிலுக்கு எதிரே இருக்கிற அரங்கில் போய்ப் பார்க்கலாம். நோட்டில் இருக்கிற கம்பீரமான காஷிமிருக்குப் பக்கத்தில் இதை வச்சுப் பார்த்தா இந்த மக்கள் தங்கள் மன்னர்களைப் பத்தி எவ்வளவு ஆழமா யோசிச்சிருக்காங்கன்னு தெரியும்.

வெண்பனி_மதுரை:

எலும்புக்கூடு மன்னரை ஹாலில் மாட்டினா வீட்டம்மா என்னை வெளியில அனுப்பிடுவாங்க, ஆனா நேர்ல கண்டிப்பாப் போய்ப் பார்க்கிறோம்.

டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எங்க பூஜை அறை தனியா இருக்கு. மாதா படத்தை ஹாலில் அலங்காரமா மாட்டினா இங்க இருக்கிற கத்தோலிக்க நண்பர்கள் தப்பா எடுத்துப்பாங்களா?

மறைக்கல்வி_டீச்சர்:

மாட்டுங்கள் தம்பி, யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, நல்ல இடத்தில் இருந்தால் போதும். டிவிக்கு மேலேயோ செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயோ வேண்டாம். நம் வீட்டில் நாம் பார்க்கும் அதே மரியாதைதான்.

நம் ஊர் வீடுகளில் ஏற்கெனவே ஒரு போலந்துப் படம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. வெள்ளை அங்கியில் இயேசு, நெஞ்சிலிருந்து சிவப்பும் வெளிறிய நிறமுமாக இரண்டு கதிர்கள். இறை இரக்க ஆண்டவர் படம். போலந்துக் கன்னியாஸ்திரி ஃபவுஸ்தீனா 1931 பிப்ரவரி 22 அன்று ப்வோட்ஸ்க் மடத்தில் கண்ட காட்சி அது. முதல் படத்தை 1934-ல் வில்னோவில் கசிமிரோவ்ஸ்கி வரைந்தார், அந்த ஊர் அப்போது போலந்தில் இருந்தது. நம் ஊரில் மிகுதியாகப் பரவியது அந்தப் படம் இல்லை. கிராக்கூவ் வாகியெவ்னிகி மடத்துக்காக அடோல்ஃப் ஹிவா வரைந்து 1944-ல் வைத்த படம். முதலில் இயேசுவுக்குப் பின்னால் புல்வெளி இருந்தது. பத்து வருடம் கழித்து அதைக் கருமையாக மாற்றி, காலடியில் தரையும் வரைந்தார்கள். ஃபவுஸ்தீனா 1938-லேயே இறந்துவிட்டார், ஹிவாவின் படத்தை அவர் பார்க்கவே இல்லை.

கண்ணாடிக்கோடு:

இவ்வளவு நேரம் படிச்சுட்டு இருந்தேன். பெரிய ஓவியர்களையே பேசுறீங்க, கிராமத்துச் சுவரை மறந்துட்டீங்க.

போலந்தோட தெற்குல தாத்ரா மலையடிவாரத்துல, போத்ஹாலே பக்கம், கண்ணாடியில வரைஞ்ச புனிதர் படங்களை உத்தரத்துக்குக் கீழே வரிசையா, முன்னால சாய்ச்சு வைப்பாங்க. கண்ணாடிக்குப் பின்பக்கம் வரையிறது. நான் தஞ்சாவூர் பாணிக் கண்ணாடி ஓவியம் கத்துக்கிட்டவ, அங்க பார்த்ததும் முறை ஒண்ணுதான்னு புரிஞ்சுது. எல்லாமே தலைகீழ் வரிசை. காகிதத்துல வரையும்போது கடைசியா வைக்கிற கண்மணியும் புருவக்கோடும் இதுல முதல்ல. அப்புறம் கன்னம், அப்புறம் உடுப்பு, பின்னணி கடைசி. கண்மணி பிசகினா, மேல நிறம் பூசினப்புறம் திருத்த வழியே இல்ல. வலது இடமும் மாறும், ஆசீர்வதிக்கிற கை எந்தக் கைன்னு முன்னாடியே யோசிக்கணும். புனிதர்களோட சேர்த்து யானோஷிக்ங்கிற மலைக்கொள்ளையனையும் வரைவாங்க, பணக்காரன்கிட்ட பறிச்சு ஏழைக்குக் கொடுத்தவன்னு கதை. அங்க சகோபனேங்கிற ஊர்ல இருக்கிற தாத்ரா அருங்காட்சியகத்துல பழசு நிறைய இருக்கு. இன்னும் வரையிறவங்க இருக்காங்க, நேரா அவங்ககிட்ட வாங்குங்க. மூணு அச்சுப் படத்துக்கு நடுவுல கையால வரைஞ்சது ஒண்ணு இருந்தா அந்தச் சுவரே வேற.

இன்னொண்ணு, ரிங்கிராஃப். வீரர்கள் கழுத்துல கட்டின பிறைவடிவ உலோகத் தகடு. கழுகும் அதன் நெஞ்சுல மாதாவும் பொறிச்சிருக்கும். 1768-ல் ரஷ்யாவுக்கு எதிரா எழுந்த பார் கூட்டமைப்புக்காரங்க (பார்ங்கிற ஊர்ல கூடின போலந்துப் பிரபுக்கள் அணி) அணிஞ்சது, இப்போ பிள்ளைங்களோட முதல் நற்கருணைச் சடங்குக்கு அன்பளிப்பாக் கொடுத்துச் சுவர்ல மாட்டுறாங்க. சின்ன இடத்துக்கு அழகா இருக்கும்.

பொருநை:

யானோஷிக் படம் எனக்கு வேணும். எங்க வாங்கலாம்னு தனிமடல்ல சொல்லுங்க அக்கா.

ஃப்ரேம்கடை_திருச்சி:

பதிப்புரிமை ஒண்ணு சொல்லிடறேன், பின்னாடி யாரும் கேக்கக்கூடாது. போலந்துல ஓவியர் இறந்து 70 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு. மாத்தேய்கோ, விஸ்பியான்ஸ்கி, கசிமிரோவ்ஸ்கி மூணு பேருக்கும் அது முடிஞ்சாச்சு. வார்சா தேசிய அருங்காட்சியகம் தன் தளத்துலயே நல்ல தரமான கோப்புகளைக் கொடுக்குது, இறக்கி நீங்களே பிரிண்ட் போடலாம். ஹிவா இறந்தது 1965-ல், அதனால அவர் படத்தை நீங்களா அச்சடிக்காதீங்க, முறையா விக்கிற இடத்துல வாங்குங்க.

சுவர் என்ன வகை? கான்கிரீட் பலகைகளை நிறுத்திக் கட்டின பழைய பேனல் பில்டிங்கா?

வெண்பனி_மதுரை:

ஆமாண்ணே, பேனல் கட்டடம்தான். சாதா டிரில் உள்ளயே போகல. பக்கத்து வீட்டுக்காரர் ஹேமர் டிரில் தர்றேன்னு சொல்லியிருக்கார்.

முடிவு பண்ணிட்டோம். நடுவுல க்ரூன்வால்ட் 120×52, வெட்டாம. வீட்டம்மாவுக்குப் போர் பிடிக்கல, ஆனா அதே படத்துல மேகத்துல மண்டியிட்டிருக்கிற, போலந்தோட காவல் புனிதர் ஸ்தானிஸ்வாவைக் காட்டினதும் சின்னவன் "அவர் ஏன் அங்க இருக்கார்"னு கேட்டுட்டான், அதோட ஒத்துக்கிட்டாங்க. இடப்பக்கம் கோப்பர்னிகஸ். வலப்பக்கம் கவசம் சாத்தாத கறுப்பு மாதா, தழும்போட. க்வோஷ்ஜியெட்ஸ் கூரைப் படம் ஒண்ணு நடைபாதைச் சுவருக்கு, பொருநை சொன்னதை யோசிச்சுப் பார்த்துத்தான். கண்ணாடி ஓவியம் சகோபனே போகும்போது நேர்ல வாங்குறோம்.

வாவெல்வாசி:

ரொம்ப நல்லா அமைச்சிருக்கீங்க. ஒண்ணு மட்டும். உங்க ஊரிலேயே ராஸ்வாவிட்சே பனோரமா இருக்கு, வீட்டுச் சுவரை முடிக்கிறதுக்கு முன்னால பிள்ளைகளை அங்க கூட்டிட்டுப் போங்க. 15 மீட்டர் உயரம், 114 மீட்டர் நீளம், வட்டமாச் சுத்தி வர்ற ஒரே ஓவியம். 1794-ல் கொஷ்சியூஷ்கோ அரிவாள் ஏந்தின விவசாயிகளோட ரஷ்யப் படையை ஜெயிச்ச போர். யான் ஸ்திகாவும் வோய்ச்செக் கொஸ்ஸாக்கும் 1894-ல் ல்வூவில் முடிச்சாங்க. 1946-ல் வ்ரோத்ஸ்வாஃப் வந்தது. ரஷ்யா தோத்த படம்ங்கிறதால பல வருஷம் சுருட்டியே கிடந்து 1985-ல்தான் திறந்தாங்க. போர்க்களத்தின் ஓரத்தில் வழியோரச் சிலுவைக்குக் கீழே வேண்டிக்கிற கிராமத்துப் பெண்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்க. படத்துக்கு முன்னால நிஜ மண்ணும் மரமும் போட்டிருப்பாங்க, அது எங்க முடிஞ்சு துணி எங்க தொடங்குதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னா பசங்க நகரவே மாட்டாங்க. குறிச்ச நேரத்துக்குத்தான் உள்ளே விடுவாங்க, விடுமுறை நாள்னா டிக்கெட்டை முன்னாலயே எடுத்துடுங்க.